தொட்டிச் செடிக்குத் தாகம் எப்போது?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் சன்னலோரம் அமர்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வோர் ஊராகக் கடக்கும்போது வீட்டு மொட்டைமாடிகளைக் கவனியுங்கள். பச்சை நிழல்வலையும், அதன் கீழே வரிசை வரிசையாகத் தொட்டிகளும் பைகளும் தெரியும். தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை, ரோஜா எனப் பலவும் அங்கே வளர்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது மண் அன்று. தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும் பழுப்பு நிறத் தூள். கடைகளில் இதைக் ‘கோகோ பீட்’ என்கிறார்கள். தென்னை நார்க்கழிவு என்பது இதன் தமிழ்ப் பெயர். நாம் சுருக்கமாக ‘நார்த்தூள்’ என்று அழைப்போம்.

இந்தத் தொட்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதுமா?”

இதற்கு ஒரே சொல்லில் விடை கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு விடை இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், உங்கள் தொட்டிக்கு உரிய விடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

குப்பையாக இருந்த செல்வம்

தேங்காய் மட்டையை அடித்துக் கயிற்றுக்கான நாரைப் பிரிக்கும்போது, நார்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் தக்கை போன்ற பொருள் தூளாக உதிர்கிறது. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ 2 கிலோ தூள் மிஞ்சும். பொள்ளாச்சி வட்டாரத்து நார்த் தொழிற்சாலைகளின் அருகே இது ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது. ‘லிக்னின்’ என்னும் கடினமான பொருள் இதில் மிகுதி. ஆகவே இது எளிதில் மக்குவதில்லை. மழை பெய்தால் சாயம் போன்ற பழுப்பு நீர் வடிந்து அக்கம்பக்கத்து நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு இந்தத் தூளை மக்கவைக்கும் முறை அது. மக்காத தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 112 பங்கு கார்பன் இருக்கும்; மக்கிய பின்னர் அது 24 பங்காகக் குறைந்துவிடும். பின்னாளில் இத்தூளைக் கழுவி, உலர்த்தி, இயந்திரத்தால் அமுக்கிக் கட்டிகளாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலும் வளர்ந்தது. ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுக்கும் ‘பீட்’ என்னும் பொருளுக்கு மாற்றாக இது பயன்பட்டதால்தான் ‘கோகோ பீட்’ என்ற பெயர் வந்தது.

2013ஆம் ஆண்டில் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் மானிய விலையில் வழங்கிய தளைகளில் விதையும் பையும் மட்டுமல்ல, அமுக்கிய நார்த்தூள் கட்டிகளும் இருந்தன. பல வீடுகளுக்கு நார்த்தூள் அறிமுகமானது அப்போதுதான்.

மாடிக்கு ஏன் மண்ணைவிட நார்த்தூள் ஏற்றது? எடைதான் காரணம். வாய் 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டியில் சுமார் 17 லிட்டர் பொருள் பிடிக்கும். ஈரமான மண்ணை நிரப்பினால் எடை 30 கிலோ ஆகிவிடும். ஈர நார்த்தூளாயின் 12 அல்லது 13 கிலோதான். இருபது, முப்பது தொட்டிகள் வைக்கும்போது தளத்தின் மேல் ஏறும் சுமையில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு, பாருங்கள்!

ஈரமும் காற்றும் ஒரே வீட்டில்

உலர்ந்த நார்த்தூள் கட்டி ஒன்றை வாளியில் போட்டு நீர் ஊற்றுங்கள். 5 கிலோ கட்டி ஊறி உப்பி ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். நன்றாக ஊறிய தூள் தன் எடையைப்போல் 7, 8 மடங்கு நீரைத் தாங்கும். இவ்வளவு நீர் எங்கே தங்குகிறது?

ஒரு சிட்டிகைத் தூளை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் தெரியும். ஒவ்வொரு துகளும் தேன்கூடுபோலச் சிற்றறைகளால் ஆனது. சிற்றறைகள் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. துகளுக்கும் துகளுக்கும் இடையேயுள்ள பெரிய இடைவெளிகளில் நீர் நிற்காமல் வடிந்துவிட, அங்கே காற்று புகுகிறது. தொட்டியின் கொள்ளளவில் திடப்பொருள் உண்மையில் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் வெற்றிடமே. அதை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்தப் பங்கீடு சரியாக இருக்கும்வரை செடிக்குக் கவலை இல்லை. நாம் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இந்தப் பங்கீட்டில்தான் கை வைக்கிறோம்.

மேலே வறட்சி, அடியில் குளம்

இப்போது ஒரு சிறு சோதனை. பாத்திரம் தேய்க்கும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றை எடுத்து நீரில் நன்றாக ஊறவிடுங்கள். உள்ளங்கையில் படுக்கையாக வைத்துப் பிடியுங்கள். நீர் சொட்டும், சற்று நேரத்தில் நின்றுவிடும். சொட்டுவது நின்றதும் பஞ்சைப் பிழியாமல் மெல்லத் திருப்பி, அதன் குறுகிய விளிம்பு கீழே இருக்குமாறு நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். என்ன ஆகிறது? மறுபடியும் நீர் வடிகிறது!

பஞ்சு அதேதான், நீரும் அதேதான். உயரம் மட்டுமே மாறியது. புவியீர்ப்பு நீரைக் கீழே இழுக்கிறது. நுண்துளைகள் அதை விடாமல் பிடிக்கின்றன. இந்த இழுபறியில் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீர் முழுமையாக நிரம்பி நின்றுவிடுகிறது. அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் பருமன்தான். தொட்டி நெட்டையா குட்டையா என்பது அன்று. எனவே நெட்டைத் தொட்டியில் அடியில் சிறு பகுதி மட்டும் சதசதவென்றிருக்கும். குட்டைத் தொட்டியிலோ அதே உயர நீர், வேர் வாழும் இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

“அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும்” என்று பலர் சொல்வார்கள். உண்மையில் நுண்ணிய துளைகளிலிருந்து பெரிய இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. தூளின் அடிப்பகுதி முழுக்க நிரம்பிய பின்னரே கல்லுக்குள் சொட்டத் தொடங்கும். கல்லைப் போட்டால் ஈர மண்டலம் மறையாது. சற்று மேலே ஏறி வந்து வேருக்கு நெருக்கமாகிவிடும். துளையில் தூள் ஒழுகாமலிருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

நார்த்தூளில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. அதன் மேற்பரப்பு வெயிலில் சில மணி நேரத்திலேயே காய்ந்து வெளிர்நிறமாகிவிடும். பார்ப்பவருக்கு, ‘ஐயோ, செடி காய்கிறதே!’ என்று தோன்றும். இரண்டு அங்குலம் தோண்டினாலோ கருப்பாக, குளிர்ச்சியாக ஈரம் இருக்கும். மேலே காய்ந்த படலம் ஒரு மூடிபோல் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கவும் செய்கிறது. கண்ணை நம்பித் தினமும் நீர் ஊற்றுபவர், ஏற்கெனவே நிரம்பியிருக்கும் அடிப்பகுதியில் மேலும் நீரைச் சேர்க்கிறார்.

நீரில் மூச்சுத் திணறும் வேர்

இலைகள் மட்டும்தான் சுவாசிக்கின்றன என்று நினைக்காதீர்கள். வேர்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்தச் சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டுதான் அவை வளர்கின்றன, உப்புச்சத்துகளை உறிஞ்சுகின்றன. துளைகள் எல்லாம் நீரால் அடைபட்டால் ஆக்சிஜன் நீருக்குள் ஊடுருவி வரவேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறுகிறது. அழுகல் பூசணங்களுக்கு இரையாகிறது.

மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சுற்றிலும் நீர் நிற்கும்போதே செடி வாடித் தொங்குகிறது! வீட்டுக்காரர் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். செடியின் கதை முடிகிறது. தண்ணீர் இல்லாமல் செத்த தொட்டிச் செடிகள் உண்டு. அன்பு மிகுந்து, நீர் ஊற்றிச் சாகடித்த செடிகளும் அதற்குக் குறையாமல் உண்டு.

வாட்டத்தில் வேறுபாடு காண்பது எப்படி? நண்பகலில் வாடி, மாலையில் தானே நிமிர்ந்தால் கவலை வேண்டாம். உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் சிறிது நேரம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவே. காலையிலும் வாடியிருந்து தொட்டி எடையில்லாமல் இருந்தால் தாகம். காலையிலும் வாடியிருந்து தொட்டி கனமாக இருந்தால், தயவுசெய்து செம்பைக் கீழே வையுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோமா?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயரம் நீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை நாளில், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 7 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்கு இலைவிட்ட செடியும் தன் இலைத்துளைகள் வழியே ஏறத்தாழ இதே அளவில் நீரை இழக்கும். தக்காளிச் செடி ஒன்றின் இலைப்பரவல் 45 செ.மீ. அகலமுள்ள வட்டம் என்றால், அதன் பரப்பு 0.16 சதுர மீட்டர். அதை 7ஆல் பெருக்கினால் 1.1 லிட்டர். இதுதான் அச்செடியின் ஒருநாள் செலவு.

இனி வரவைப் பார்ப்போம். நாம் முன்னே பார்த்த 17 லிட்டர் தொட்டியில், செடி சிரமமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் கொள்ளளவில் கால் பங்கு எனலாம். அதாவது 4 லிட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி தீர்ந்ததும் நிரப்புவது பாதுகாப்பு. 2 லிட்டர் தீர இரண்டு நாளாகும். ஆக, அந்தத் தொட்டிக்குக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்.

அதே மாடியில், 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள சிறு தொட்டியில் 30 செ.மீ. படர்ந்த செடி இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவு 2 லிட்டர். செடிக்குக் கிடைக்கும் நீர் அரை லிட்டர். இலைப்பரப்பின் ஒருநாள் செலவும் அரை லிட்டர்! இதற்குத் தினமும் ஊற்றியாக வேண்டும். கடும் வெயிலில் காலை, மாலை இருவேளையும் வேண்டும்.

மேகம் மூடிய கார்த்திகை மாதத்தில் ஆவியாதல் நாளொன்றுக்கு 3 மி.மீ. ஆகக் குறைந்தால் என்னவாகும்? பெரிய தொட்டியின் செலவு அரை லிட்டருக்கும் குறைவு. நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். நாற்று நிலையில் இலைகளே இல்லாதபோது செலவு இன்னும் குறைவு. ஆனால் நாற்றின் வேர் மேற்பரப்பிலேயே இருப்பதால் அதற்கு மட்டும் சிறிது சிறிதாக, அடிக்கடி தெளிக்க வேண்டும்.

ஒரே மாடி, ஒரே நார்த்தூள். விடைகள்தாம் எத்தனை! நாள்காட்டியைப் பார்த்து நீர் ஊற்றக்கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மண்தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பானைத் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் மண்தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியிலும் பையிலும் இந்தச் செலவு இல்லை.

வண்டலூரின் வெயிலும் மழையும்

வண்டலூர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று கரையோர ஊர்களைத் தொட்ட பின்னரே இங்கு வந்து சேரும். அதுவரை வெயிலும் வறண்ட காற்றும்தான். மே 4 முதல் 28 வரையிலான கத்திரி நாட்களில் சிமெண்டுத் தளம் கொதிக்கிறது. கருப்புப் பைகள் சூடேறுகின்றன. தொட்டிகளைச் செங்கல் மேல் உயர்த்தி நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றைக் காக்கும். நிழல்வலை கட்டினால் நீர்ச்செலவு கணிசமாகக் குறையும். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியே வரும் நீர் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதை வேரில் ஊற்றாதீர்கள். காலை 8 மணிக்கு முன் ஊற்றுவதே சிறப்பு.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. நம் கணக்கின்படி 30 செ.மீ. வாயுள்ள ஒரு தொட்டியின் மேல் மட்டும் விழுந்த நீர் 34 லிட்டர்! தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு. அவ்வளவு மழை எப்போதும் பெய்வதில்லை. எனினும் மழைக்காலத்தில் அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை, நீர் ஊற்றுவதன்று.

கையே தராசு

அப்படியானால் எப்போது ஊற்றுவது? தொட்டியையே கேளுங்கள்.

ஒருநாள் காலை, அடித்துளை வழியே நீர் வழியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அரைமணி நேரம் வடியவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தராசு இருந்தால் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவே ‘முழு எடை’. மறுநாளும் அதே வேளையில் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் நீர்ச்செலவு. நம் 17 லிட்டர் தொட்டியில் 2 கிலோ குறைந்ததும் நீர் ஊற்றலாம். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பிறகு தராசு தேவைப்படாது. ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கிய மாத்திரத்தில் கை சொல்லிவிடும். மாணவர்கள் இதை ஒரு செயல்திட்டமாகவே செய்யலாம். வெயில் நாள், மேக நாள், நிழல்வலைக்கு உள்ளே, வெளியே எனப் பிரித்து வரைபடம் வரைந்து பாருங்கள்.

தூக்க முடியாத பெரிய தொட்டியா? விரலை இரண்டு அங்குலம் நுழையுங்கள். அங்கும் ஈரமில்லை என்றால் ஊற்றுங்கள். அல்லது அந்த ஆழத்திலிருந்து ஒருபிடித் தூளை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். நீர் ஒழுகினால் இன்று வேண்டாம். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் நாளை பார்க்கலாம். கைகூட ஈரமாகாமல் தூள் உதிர்ந்தால் உடனே ஊற்றுங்கள்.

ஊற்றும் முறையும் முக்கியம். மிகவும் காய்ந்த நார்த்தூள் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றிய நீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் கொட்டிவிடும். ‘நீர் வழிந்துவிட்டதே, போதும்’ என்று நீங்கள் நினைப்பீர்கள். நடுவில் வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். ஆகவே முதலில் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

உப்பையும் கவனிக்கவேண்டும். நார்த்தூளில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. கட்டியை முதன்முதலில் ஊறவைத்ததும் இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவுவது இதற்காகத்தான். புறநகரில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புக் கலந்ததே. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது தூளில் தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். எனவே தினமும் ஒரு கை நீர் தெளிப்பதைவிட, தேவைப்படும்போது நன்றாக ஊற்றிச் சிறிதளவு, பத்தில் ஒரு பங்கு, வெளியே வடியவிடுவதே மேல். சேமித்த மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. வடிந்த நீர் தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

இன்னொன்று: நார்த்தூளோடு மண்புழு உரமோ செம்மண்ணோ கலந்திருந்தால் நீர்பிடிக்கும் தன்மை மாறும். கலவையை மாற்றும்போதெல்லாம் முழு எடையை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குடம் நீர்

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னை மக்கள் மறக்கமாட்டார்கள். நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் சென்னைக்கு வந்து இறங்கியது. புறநகரில் லாரி நீருக்காகக் குடங்களோடு காத்திருந்தார்கள். அந்த நாட்களில் மாடிச் செடிக்கு நீர் ஊற்றுவதே தவறோ என்று எத்தனையோ பேர் கலங்கியிருப்பார்கள்.

இருபது தொட்டிகள் உள்ள மாடியை எண்ணிப் பாருங்கள். தொட்டிக்கு 3 லிட்டர் வீதம் தினமும் ஊற்றினால் 60 லிட்டர். கடும் கோடையிலும் அச்செடிகளின் உண்மைத் தேவை, நம் கணக்குப்படி, 22 லிட்டர். ஏறத்தாழ ஒன்றரைக் குடம். மீதி 38 லிட்டரில் பெரும்பகுதி நாம் இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு தளத்தில் ஓடிவிடுகிறது. ஒரு மாதத்தில் இது ஆயிரம் லிட்டரைத் தாண்டும். செடிக்கும் கேடு, நீருக்கும் கேடு. தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுபவருக்கு, பஞ்ச காலத்திலும் செடியைக் கைவிட வேண்டிய நிலை எளிதில் வராது. குளியலறை நீரைத் தவிர்த்துவிட்டு, அரிசி, காய்கறி கழுவிய நீரையும் உப்பில்லாத மற்ற நீரையும் சேர்த்தாலே அந்த ஒன்றரைக் குடத்தில் ஒரு பங்கு தேறிவிடும்.

ஆகவே, நாளைக் காலை செம்பை எடுப்பதற்கு முன் தொட்டியைச் சற்றே சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கிறதா? செடிக்கு இன்னும் தாகம் எடுக்கவில்லை. இலேசாக இருக்கிறதா? வயிறார ஊற்றுங்கள்.